சிரிப்பு எந்தக் காட்சியில் நின்றது?

மதவெறியைக் கேலி செய்யும் படம் ஒன்றை ராமநாதபுரம் கடற்கரையில், தொண்டியிலோ தங்கச்சிமடத்திலோ திரையிட்டுவிட்டு, முடிந்த கையோடு மைக்கை நீட்டி "படம் எப்படி?" என்று கேட்டால் வரும் பதில் எதற்கும் உதவாது. முதலில் மைக்கைப் பிடிப்பவர் "நல்ல கருத்து" என்றால் அடுத்த நாலு பேரும் அதையே சொல்வார்கள். அவர் "சாமியக் கேவலப்படுத்திட்டாக" என்றால் அடுத்த நாலு பேரும் அதைத் தாண்டிப் பேசமாட்டார்கள். இரண்டு பதிலிலும் படம் இருக்காது. பக்கத்தில் நிற்பவர் என்ன நினைப்பாரோ என்ற கணக்குதான் இருக்கும்.

சண்டைப் படம் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அவருடைய பக்தியை யாரும் சந்தேகப்படப் போவதில்லை. சாமியாரைக் கேலி செய்த படத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன் என்று சொன்னால் சந்தேகப்படுவார்கள். ஊர் சின்னது, நாளைக்கு ஏலக்கூடத்தில் அதே முகங்களைப் பார்க்க வேண்டும். அதனால் கேள்வியை மாற்ற வேண்டும். "எந்தக் காட்சியில் சிரித்தீர்கள்? எந்தக் காட்சியில் சிரிப்பு நின்றது?" கருத்துக் கேட்பதில் இதைவிட நல்ல கேள்வி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். சிரிப்பு நின்ற இடத்தில்தான் படம் சாமியாரை விட்டுவிட்டு, சாமி கும்பிடுகிறவரைத் தொட்டிருக்கும்.

ஆனால் அப்படிக் கேட்பதற்கு முன்னால் வசனம் காதில் விழுந்திருக்க வேண்டும். கடற்கரையில் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். கேலிப்படத்தின் உயிர் வசனத்தில் இருக்கிறது. காற்றும் அலையும் வசனத்தைத் தின்றுவிட்டால் கண்ணுக்கு மிஞ்சுவது உடை மட்டும்தான்: காவி, வெள்ளை அங்கி, தொப்பி, தாடி. அந்த உடையில் ஒருவன் கோமாளித்தனம் செய்கிறான். அவன் போலி என்பதைச் சொல்லும் வரி பின்வரிசைக்குக் கேட்கவில்லை. பின்வரிசைக்காரர் கோபத்தோடு எழுந்து போகிறார் என்றால், படத்தைத் திட்டுவதற்கு முன் ஒலிபெருக்கியைப் பாருங்கள்.

நூற்றைம்பது பேருக்கு இரண்டு ஸ்பீக்கர் போதும். திரையின் இரு பக்கமும், தரையிலிருந்து ஆறு அடி உயரத்தில், முகம் சற்றுக் கீழே சாய்ந்தபடி வைக்க வேண்டும். மைக்செட்காரர்கள் திருவிழாப் பாட்டுக்குப் பழகியவர்கள். பாஸை (அடி ஒலியை) ஏற்றித்தான் வைப்பார்கள். அதைக் குறைத்து, நடு மேல் ஒலியை (2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை) கொஞ்சம் தூக்கச் சொல்லுங்கள். சொற்களின் மெய்யெழுத்துகள் அந்தப் பகுதியில்தான் துலங்கும். படம் தொடங்குவதற்கு முன் ஒரு வசனக் காட்சியை ஓடவிட்டு, கடைசி வரிசையில் உட்காரும் வயதான ஒருவரிடம் அந்த வரியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னால் சரி. டப்பிங் படமானால் இந்தச் சோதனை இன்னும் அவசியம். கீழே ஓடும் எழுத்தை நம்பாதீர்கள். பெரியவர்கள் அதைப் படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும்.

அடுத்தது நேரம். ராமேசுவரம் பக்கத்தில் டிசம்பரில் மாலை ஆறு மணிக்கும், ஜூனில் ஆறரை தாண்டியும் சூரியன் மறையும். மறைந்ததும் மஃரிப் தொழுகை. ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் கழித்து இரவுத் தொழுகையான இஷா. பள்ளிவாசல் உள்ள ஊரில் இஷா முடிந்து ஆட்கள் வந்து உட்கார எட்டு, எட்டேகால் ஆகும். இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. இரண்டே கால் மணி நேரப் படம் இந்த இடைவெளிக்குள் அடங்காது. இரண்டு ராத்திரியாகப் பிரித்துப் போடுவது ஒரு வழி. நான் அதை ஏற்கமாட்டேன். இந்த வகைப் படங்கள் முதல் பாதியில் ஏமாற்றைக் கட்டி எழுப்பி, இரண்டாம் பாதியில்தான் உடைக்கும். பாதிப் படத்தோடு வீட்டுக்குப் போனவர் மறுநாள் சொல்லும் கருத்து பாதிப் படத்தின் கருத்து. அது ஊர் முழுக்கப் பரவியும் விடும். அதே விதிகள் மூடிய அரங்கங்களுக்கும் சமுதாயக் கூடங்களுக்கும் விலக்குத் தருகின்றன. ஆகவே கல்யாண மண்டபம், சமுதாயக் கூடம், ஊரில் இருந்தால் புயல் பாதுகாப்பு மையம், இவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்குவதே நல்லது. அலைச் சத்தமும் குறையும்.

நாள் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகு நான்கு நாள் என்று முறை வைத்துக் கடலுக்குப் போகும் பகுதி இது. விசைப்படகுக்காரர் கரையில் இருக்கும் இரவில் நாட்டுப்படகுக்காரர் கடலில் இருப்பார். எந்தத் தொழில்காரர் கருத்து வேண்டுமோ அவர் நாளைக் கேட்டு வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். பள்ளி விடுமுறையும் சேர்ந்து கூட்டம் வரும். ரமலான், தவக்காலத்து வெள்ளி, ஐயப்பனுக்கு மாலை போடும் கார்த்திகை மார்கழி, ஊர்க் கோயில் கொடியேற்றம் முதல் தீர்த்தவாரி வரை, இந்த நாட்களில் திரையிட வேண்டாம். விரதம் இருப்பவர் முன்னால் விரதக்காரரைக் கேலி செய்யும் காட்சியை ஓட்டுவது கருத்துக் கேட்பது ஆகாது. அது வம்புக்கு இழுப்பது.

வெளியில்தான் போட்டாக வேண்டும் என்றால் திரையைப் பற்றி ஒரு கணக்கு. பன்னிரண்டு அடி அகலம், ஆறே முக்கால் அடி உயரம். இது எண்பத்தொரு சதுர அடி. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்றில் இதன்மேல் ஏறக்குறைய நாற்பது கிலோ விசை விழும். திரை பாயாகிவிடும், சவுக்குக் கம்பம் சாயும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமும், வாடை (வடகிழக்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கமும் தனிக் கம்பத்தில் திரை கட்டவே வேண்டாம். காற்றுக்கு மறைவான சுவரில் வெள்ளை அடித்தால் போதும். புரொஜெக்டர் 3000 லூமென்ஸ் இருந்தால் இந்த அளவுக்குத் தாராளம். பெரும்பாலான புரொஜெக்டர்களுக்கு, பன்னிரண்டு அடி அகலம் வேண்டுமானால் பதினெட்டு அடி தூரம் வேண்டும். அதாவது கருவி கூட்டத்தின் நடுவில் வரும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் ஊரில் அந்த நடுப்பாதையே அதற்கு இடம். மேசை மூன்று அடி உயரமாவது இருக்கட்டும், மணல் ஏறாது. லென்ஸில் உப்புப் படலம் படியும்; காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத் துகள் கீறிவிடும். காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த மெல்லிய துணிதான் சரி. பல்பு வகைக் கருவியானால் ஒரு கிலோவாட் யூபிஎஸ் வழியாக இணையுங்கள். மின்சாரம் போனாலும் விசிறி ஓடி பல்பு ஆறும்.

அனுமதிகளில் பலர் இடறுவது ஓடிடியில். சந்தா கட்டியிருப்பது வீட்டுக்குள் பார்ப்பதற்கு மட்டும். ஊருக்குக் காட்ட உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும், இலவசமாகக் காட்டினாலும் வேண்டும். ஓடிடியில் மட்டும் வந்த படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல் இருக்கலாம். பொதுவில் காட்ட 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி சான்றிதழ் தேவை. 2023 திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ பிரிவு 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. முன்வரிசை முழுக்கச் சிறுவர்கள் உட்காரும் ஊரில் அந்த எண்ணைப் பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். காவல் நிலையத்துக்குக் கொடுக்கும் கடிதத்தில் படத்தின் பெயர், சான்றிதழ் எண், நாள், நேரம், இடம், எதிர்பார்க்கும் ஆட்கள், ஒலிபெருக்கி விவரம் எல்லாம் இருக்கட்டும். இடத்துக்குத் தனி உரிமம் வேண்டுமா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும் நல்லது.

சட்டத்துக்குப் பயந்து இந்த வேலையையே கைவிடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய பாரதிய நியாய சன்ஹிதா 299-ஆம் பிரிவு (பழைய 295ஏ) வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்வதைத்தான் குற்றமாக்குகிறது. பழைய பிரிவை 1957-லேயே உச்ச நீதிமன்றம் அப்படித்தான் விளக்கியது. 1989-ல் 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில், ஆபத்து என்பது வெடிமருந்துக் கிடங்கில் விழும் தீப்பொறி போல உடனடியாக இருந்தால்தான் தடுக்கலாம், எங்கோ ஒரு கலவரம் வரலாம் என்ற ஊகத்துக்காகப் படத்தை நிறுத்தக் கூடாது என்றது. அந்தப் படம் இட ஒதுக்கீட்டைப் பற்றியது என்றாலும் அந்த அளவுகோல் இங்கும் பொருந்தும்.

ஊர்த் தலைவர், ஜமாத், பங்குத்தந்தை மூவரிடமும் முன்கூட்டியே போய்க் கதையைச் சொல்லிவிடுங்கள். முடிவையும் சொல்லுங்கள், படத்தில் மிகக் கூரான காட்சி எதுவோ அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். "ஒண்ணும் இல்ல, காமெடிப் படம்" என்று பூசி மெழுகினால் அந்தக் காட்சி வரும்போது உங்கள்மீதான நம்பிக்கை போய்விடும். காட்சியை வெட்டச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். வேறு படம் போடுவோம் என்று சொல்லிவிட்டு வரலாம். வெட்டிய படத்துக்கு வாங்கிய கருத்தை எதில் சேர்ப்பது?

இனி சிரிப்புக் கணக்கு. ஒருவரைத் திரையைப் பார்க்கவிடாமல் கூட்டத்தைப் பார்க்கும்படி ஓரமாக உட்கார வையுங்கள். கையில் ஒரு தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் என்றால் இரண்டே கால் மணிப் படத்துக்கு இருபத்தேழு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஆண்கள், பெண்கள், சிறுவர்கள் மூன்று பத்தி. சிரிப்பே இல்லை என்றால் பூஜ்யம், சிலர் சிரித்தால் ஒன்று, பாதிப் பேர் சிரித்தால் இரண்டு, எல்லோரும் என்றால் மூன்று. ஆண்கள் மூன்று, பெண்கள் பூஜ்யம் என்று வரும் கட்டங்களை வட்டமிட்டு வையுங்கள். நேர்ச்சை, விரதம், பிள்ளை வரம் பற்றிய காட்சிகளில் இந்த இடைவெளியைத் தேடிப் பாருங்கள். வீட்டில் விரதம் இருப்பவர் யார், நேர்ச்சையைச் சுமப்பவர் யார் என்று யோசித்தால் காரணம் விளங்கும். தொழிலுக்குப் போன ஆள் திரும்பி வர வேண்டும் என்று முடிந்து வைத்த காணிக்கைக் காசு, கேலிக்குச் சிக்கும் பொருளாக அவர்களுக்குத் தெரியாது.

படம் முடிந்ததும் மைக் வேண்டாம். ஆறு பேர் தயாராக இருந்து, ஆளுக்கு எட்டுப் பத்துப் பேரிடம் இருபது நிமிடத்துக்குள் பேசிவிட வேண்டும். பெண்களிடம் பெண்களே கேட்கட்டும். சிரித்த காட்சி, சிரிப்பு நின்ற காட்சி, படத்தில் கேலி செய்யப்பட்டது யார், பொய்யாகத் தெரிந்தது எது, இந்த நான்கு போதும். "மனசு புண்பட்டதா?" என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டாலே இல்லாத புண்ணுக்கும் கை போகும். பெயர் வேண்டாம், மதமும் கேட்க வேண்டாம். மதத்தைக் கேட்ட அந்த நொடியில் அவர் தன் கருத்தை விட்டுவிட்டுத் தன் ஆட்களுக்காகப் பேசத் தொடங்குவார். சொன்ன பேச்சை அப்படியே எழுதுங்கள். "சாமியாரு" என்றவர் பேச்சைத் திருத்தி "சாமி" என்று எழுதினால் முழுக் கருத்தும் தலைகீழாகிவிடும். கைபேசியில் திரையைப் படம் பிடிக்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முப்பது நொடித் துண்டு வாட்ஸப்பில் பக்கத்து ஊருக்குப் போனால், படத்தையே பார்க்காதவர்களின் கோபத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வரும் கருத்துகளை எடை போடுவதில்தான் கடினம் இருக்கிறது.

"சாமியச் சொல்லல, சாமியாரத்தான் சொல்றாக" என்று ஒரு பகுதியினர் சொல்வார்கள். தமிழில் இது பழைய வேறுபாடு. 1952-ல் 'பராசக்தி' வந்தபோது எழுந்த சர்ச்சைக்குப் பதிலாகவும் இதே வேறுபாடுதான் சொல்லப்பட்டது. இந்தப் பதிலைக் கேட்டதும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். பாதுகாப்பான பதிலும் இதுதான். "அப்படின்னா எந்த இடத்துல சாமியார் முடிஞ்சு சாமி ஆரம்பிச்சது?" என்று அடுத்து கேட்டால் உண்மையான பேச்சு தொடங்கும்.

இன்னொன்று: "சாமியே இறங்கி வந்து சொன்னாத்தான் நம்புவமா?" இது கூர்மையான திறனாய்வு. 2012-ல் வந்த 'ஓ மை காட்' இந்திப் படத்தில் கடவுளே வந்து துணை நிற்கிறார். 2020-ல் வந்த 'மூக்குத்தி அம்மன்' படத்தில் அம்மனே வந்து போலிச் சாமியாரை அம்பலப்படுத்துகிறாள். கடவுளைச் சாட்சியாக நிறுத்தினால் பக்தர் கோபிக்கமாட்டார் என்பது திரைக்கதையின் பாதுகாப்பு. ஆனால் அற்புதம் செய்து ஏமாற்றுபவனை இன்னொரு அற்புதத்தால் தோற்கடித்தால், அற்புதத்துக்குக் காத்திருக்கும் பழக்கம் அப்படியே இருக்கும். 2014-ல் வந்த 'பீகே' வேற்றுக்கிரக ஆளை வைத்து இந்தச் சிக்கலைத் தவிர்த்தது. ஒரே ஊரில் இரண்டு வகைப் படத்தையும் சில வாரம் இடைவிட்டுக் காட்டி, சிரிப்புத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ள வேலை.

"எங்களை மட்டும் ஏன்?" என்ற மனக்குறையை மதிக்க வேண்டும். தமிழ்ப் படங்களில் கேலிக்கு வரும் போலி பெரும்பாலும் காவி கட்டியவர். இதைச் சொல்பவரை வெறியர் என்று ஒதுக்கினால் தவறு. அவர் சமமான கேலி கேட்கிறார். அதே கூட்டத்தில், அடுத்தவர் மதத்துக் கேலிக்குச் சிரிக்கலாமா என்று தயங்கி வாயைப் பொத்திக்கொள்பவரும் இருப்பார். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ராமேசுவரத்தில் வரும் எதிர்ப்பில் பிழைப்பும் கலந்திருக்கும். அக்னி தீர்த்தம், கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம், அதைச் சுற்றி வழிகாட்டி, வாளியில் நீர் இறைப்பவர், சங்குக் கடை, விடுதி, ஆட்டோ. யாத்திரை குறைந்தால் அவர்கள் அடுப்பு அணையும். "இப்படிப் படம் எடுத்தா யாரு வருவா?" என்பது மதவெறிப் பேச்சு ஆகாது, தொழில் கவலை. அதைத் தனிப் பத்தியில் குறியுங்கள்.

தர்கா உள்ள ஏர்வாடிப் பக்கம் திரையிடுவதானால் இன்னும் பொறுப்பு வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். தர்காவில் குணமாகும் என்ற நம்பிக்கையோடு அழைத்து வரப்பட்டவர்களை வைத்துக் காசு பார்க்கும் காப்பகங்கள் பெருகியிருந்த காலம் அது. பிறகு அவை மூடப்பட்டன. வழிபாட்டோடு மருந்தும் சேரும் 'தவா-துவா' முறையில் மனநல மருத்துவம் தர்காவுக்கு அருகிலேயே வந்தது. பேய் ஓட்டும் காட்சி வேறு ஊரில் மூன்று வாங்கும். இங்கே பூஜ்யம் வரலாம். அந்தப் பூஜ்யத்தைப் பக்தி முற்றியதன் அடையாளம் என்று எழுதுபவர் இந்தக் கரையைத் தெரியாதவர். காட்சி வருவதைக் கூட்டத்துக்கு முன்னால் சொல்லிவிட்டுப் போடுங்கள். சிரிப்பு நின்றால் நிற்கட்டும். பார்வையாளர் அங்கே படத்தைவிட அதிகம் அறிந்தவர்.

படங்களின் பெரிய குறை எது என்று கேட்டால் அங்கியைச் சொல்வேன். உடுப்புப் போட்டவன்தான் வெறியன் என்று படம் சுருக்கிவிடுகிறது. அப்துல் கலாம் தம் ராமேசுவரத்துப் பள்ளி நாட்களைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்தும். ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த ஆசிரியர், தொப்பி போட்ட சிறுவன் கலாம், பூணூல் போட்ட ராமநாத சாஸ்திரியின் பக்கத்தில் உட்காருவதைப் பொறுக்காமல் பின்வரிசைக்கு அனுப்பினார். அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தவர் ராமநாதனின் தந்தை, கோயில் அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரி. அந்தக் கதையில் அங்கி போட்டவர் நியாயம் பேசுகிறார். வெறி சாதாரணச் சட்டையில் வருகிறது. "பொய்யாகத் தெரிந்தது எது?" என்ற நான்காவது கேள்விக்கு இந்தக் கரையில் காது கொடுத்துக் கேட்க வேண்டிய பதில், "எங்க ஊருல அப்படிப் பேசுறவரு சாமியாரே இல்லையே" என்ற வகையைச் சேர்ந்தது.

அன்றிரவு கேட்டதோடு நிறுத்தாமல், மூன்றாம் நாள் அதே நான்கு கேள்வியோடு மறுபடி போக வேண்டும். அதற்குள் டீக்கடையிலும் வீட்டிலும் பேச்சு ஓடியிருக்கும். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை பயானிலோ (சொற்பொழிவிலோ) ஞாயிறு பிரசங்கத்திலோ படம் அடிபட்டிருக்கலாம். இரண்டு தாள்களுக்கும் இடையே மாறியது எது என்று பாருங்கள். இரவில் சிரித்ததாகச் சொன்ன காட்சியை மூன்றாம் நாள் மறுத்தால், மாற்றியது படமா பேச்சா என்று "அதப் பத்தி யாராச்சும் பேசுனாகளா?" என்ற ஒரே துணைக்கேள்வியில் தெரியும். சின்னப்பாலம், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பார்க்கப் போவதானால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். அப்போது விடியலிலேயே கடலில் இருப்பார்கள். மற்ற நாளில் பாசி காயும் இடத்துக்குப் போய், அவர்கள் கை வேலையை நிறுத்தாமல் பேசும்படி பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.